ஒரிதோ வகை நாற்றம்

ஒரிதோவின் இரண்டு அக்குளிலும் கத்தி வைத்து, தோலைப் பிரித்து, வியர்வைச் சுரப்பிகளைச் சுரண்டி எடுத்து, திரும்பத் தைத்து, பஞ்சு மூட்டை வைத்துக் கட்டி அனுப்பிய நாளிலிருந்து தெய்ஜிக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். வயிறு சரியில்லை என்றுதான் மனைவி சுமியேயிடம் சொன்னான். ஒரிதோவைப் பார்த்துவிட்டு வருகிற நாளாகப் பார்த்து அந்த வயிறு கெட்டுப்போகிறது என்பதைச் சுமியே கவனித்தாள். கவனித்ததைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

மிசுஹாராவில் யாருக்குமே இல்லை. வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் பனி என்று இருக்கும் கடலோர ஊர் அது. ஒருவர் மேல் வாடை அடிக்கிறது என்று அங்கே முகத்துக்கு நேராகச் சொல்வது கன்னத்தில் அறைவதைவிட மோசம். அதனால் வானிலையைப் பற்றிப் பேசிவிடுவார்கள். தெய்ஜியின் டாக்சியில் ஏறியவர்கள் இரண்டு தெரு தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இன்னைக்கு நல்ல காத்துங்க" என்பார்கள். வெளியே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருக்கும். வெள்ளைக் கையுறை மாட்டிய கைகளால் சக்கரத்தைப் பிடித்தபடி தெய்ஜியும் அருமையான காற்று என்று ஒத்துக்கொள்வான்.

நிவா டாக்சிக் கம்பெனியில் ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள். அந்த வண்டிக்கு இரவில் தெய்ஜி, பகலில் ஒரிதோ. காலையில் தெய்ஜி இறங்கினால் இருக்கையின் சூடு ஆறுவதற்குள் ஒரிதோ ஏறி உட்காருவான். ஒரிதோவின் ஓட்டத்திலும் அதே நல்ல காற்றுதான். முதலாளி நிவா இருவருடைய அலமாரிகளையும் பின்வாசல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அனுபவசாலிகளுக்குக் காற்றோட்டமான இடம் கொடுப்பது இந்தக் கம்பெனியின் மரபு என்றார். மரபு அன்றுதான் ஆரம்பித்தது. இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒருவன் சாப்பிடும்போது மற்றவன் காற்றைப் பற்றிப் பேசியதே கிடையாது. தெய்ஜி சிநேகிதம் என்று நினைத்திருந்தது அதைத்தான்.

அந்தச் சிநேகிதத்துக்கு நடுவில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. வெந்நீர் ஊற்று விடுதிக்கு வரும் பெரிய மனிதர்களுக்காக நிவா வாங்கிய கார். முறைப்படி பார்த்தால் அது தெய்ஜிக்கோ ஒரிதோவுக்கோ வர வேண்டும். ஆனால் "காற்றோட்டத் தேவை இல்லாத ஓட்டுநர்" வேண்டும் என்று நிவா தரையைப் பார்த்துக்கொண்டு அறிவித்தார். மறுநாளே ஒரிதோ பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டான்.

அறுவைக்குப் பெயர் கொடுப்பவர் சோதனைக்கு வரும்போது துணைக்கு ஒருவரை அழைத்து வர வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. ஒரிதோவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே தெய்ஜி போனான். இரவு ஓட்டம் முடித்த கையோடு, குளிக்க வீட்டுக்குக்கூடப் போகாமல், ஒரிதோவின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். பேராசிரியர் ஷிமோஜோ பரிவாரத்தோடு உள்ளே வந்தார், முகர்ந்தார், "ஐந்து" என்றார். நாற்றத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போடும் அந்தத் துறையின் சரித்திரத்தில் அதுவரை யாரும் வாங்காத எண். வாசலில் நின்ற மருத்துவ மாணவன் ஒருவன் கண் கலங்கிவிட்டான். அன்றைக்குத் தெய்ஜி உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். வயிறு கெட்டது அதற்குப் பிறகுதான்.

அறுவை முடிந்து ஒரிதோ இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்து வைத்துக்கொண்டு, பறக்கப் போகிற கொக்கு மாதிரி கட்டிலில் கிடந்தான். கம்பெனியே திரண்டு போய் மெலன் பழம் வைத்துவிட்டு வந்தது. உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியவனுக்கு மரியாதையாக நிவா வேறு வண்டி கொடுத்தார்; கறுப்புக் காரை மட்டும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த வண்டியில் ஏறியவர்கள் ஒருவரும் கண்ணாடியை இறக்கவில்லை. வியாதி கழுவிக்கொண்டு போகட்டும் என்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தேறியவர் சோப்புப் பெட்டி கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரிதோவும் கொடுத்தான். எல்லோருக்கும் ஒரு பெட்டி. தெய்ஜிக்கு இரண்டு.

அதைக்கூடத் தெய்ஜி விழுங்கியிருப்பான். ஒருநாள் நல்ல மழையில் சுமியே கடைவீதியிலிருந்து நனையாமல் வந்து இறங்கினாள். எப்படி வந்தாய் என்று கேட்டான்.

"ஒரிதோ சான் கொண்டாந்து விட்டாரு."

"சாரல் அடிச்சிருக்குமே."

"கண்ணாடி ஏத்தித்தான இருந்துச்சு. உள்ள கதகதன்னு இருந்துச்சு."

கதகதன்னு. அந்த ஒரு வார்த்தையைத் தெய்ஜி வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய சின்னக் காரில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் சுமியே முதலில் செய்யும் காரியம், கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்குவது. மழையானாலும் சரி, பனியானாலும் சரி. பாவம், காற்றென்றால் ஆசைப்படும் பெண் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தான். கறுப்புக் கார் எவனுக்காவது போகட்டும். சுமியே கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வேண்டும், கதகதவென்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மறுநாள் தெய்ஜி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

துறையின் பெயர், வியர்வை, வாடை மற்றும் அவை சார்ந்த துயரங்களின் துறை. போவதற்கு முன் வீட்டில் ஒரு தடவை குளித்தான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பொதுக் குளியலறையில் இன்னொரு தடவை குளித்து, புது பனியன் போட்டுக்கொண்டான். அழுக்கு உடம்போடு டாக்டர் முன்னால் போய் நிற்பதற்கு, செருப்புக் காலோடு அடுத்தவர் படுக்கையில் ஏறலாம். அப்படி வளர்ந்தவன் அவன்.

அமானோ என்ற இளம் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டான். காதுக் குறும்பி ஈரமா, காய்ந்ததா? ஈரம். அப்பாவுக்கு? அவருக்கும் ஈரம். சட்டைக் கக்கத்தில் மஞ்சள் படிகிறதா? சட்டையே மஞ்சளில்தான் வாங்குகிறோம். அறிகுறிகள் அத்தனையும் பிரமாதமாக இருக்கின்றன என்றான் அமானோ. பிறகு தெய்ஜியின் அக்குளில் கொஞ்ச நேரம் இடுக்கி வைத்த காஸ் துணியை எடுத்து மூக்கில் வைத்தான். முகம் வாடிவிட்டது.

"சோப்பு வாசனைதான் வருது. ஒண்ணுன்னு போடறேன்."

"கொஞ்சம் பாத்துப் போடுங்க டாக்டர்."

"எனக்கு அதிகாரமே ரெண்டு வரைக்கும்தாங்க. மூணுன்னா விரிவுரையாளர். நாலு இணைப் பேராசிரியர். அஞ்சு எங்க பேராசிரியர், ஷிமோஜோ சென்செய் ஒருத்தருக்குத்தான்."

"ஒருவேளை உங்க மூக்குக்கே நாலு வந்துட்டா?"

"வரக் கூடாது. வந்தாலும் அது ரெண்டாத்தான் வரணும்." அமானோ கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சென்செய் மோந்து பாக்கற அன்னைக்கு குளிக்காம வாங்க."

தெய்ஜிக்கு அது தூக்கு மேடைக்குப் போகச் சொன்னது மாதிரி இருந்தது. ஆனாலும் குளிக்கவில்லை. முதல் நாள் தன்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடமாடினான். அடுத்த நாள் நாய் மட்டும் பக்கத்தில் வந்தது. சுமியே தன் படுக்கையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். சோதனையன்று அவளே துணைக்கு வந்தாள். தெய்ஜி கைகளை உடம்போடு ஒட்டவைத்து, சேர்த்து வைத்த சொத்தைப் பாதுகாப்பது மாதிரி அடிமேல் அடி வைத்து உள்ளே போனான். வாசலில் தலைமை நர்ஸ் தகிதா நின்றிருந்தாள்.

"குளிச்சாச்சா?" என்றாள்.

டாக்டர்தான் குளிக்காமல் வரச் சொன்னார் என்றான் தெய்ஜி. எந்த டாக்டர் என்று கேட்டாள். அமானோவைக் காட்டிக் கொடுக்க மனம் வராமல் தெய்ஜி கூரையைப் பார்த்தான்.

"அழுக்கு அக்குளையா சென்செய் முன்னால தூக்கிக் காட்டப் போறீங்க? அவர் மூக்குன்னா என்னன்னு நெனச்சீங்க? அவர் வீட்டுல முள்ளங்கி ஊறுகாய் மூடியக்கூடத் திறக்க மாட்டாங்க."

இரண்டு உதவியாளர்கள் அவனைப் பிடித்துக்கொள்ள, தகிதா பிரஷ் வைத்துத் தேய்த்தாள். சோதனைக்குப் படுக்கும் ஒவ்வொருவரையும் அப்படித் தேய்ப்பது அங்கே விதி. ஒரிதோவையும் தேய்த்தார்களாம். அப்படியானால் சென்செய் எதைத்தான் முகர்வார் என்று நுரைக்குள்ளிருந்து தெய்ஜி கேட்டான். "அது அவர் பாத்துக்குவாரு" என்றாள் தகிதா.

ஒலிபெருக்கி கரகரத்தது. பேராசிரியரின் சுற்று புறப்பட்டுவிட்டது, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பவர்கள் உரிப்பதை நிறுத்தவும் என்றது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் நெருங்கியது. முன்னால் ஷிமோஜோ, கைகளைப் பின்னால் கட்டி, மூக்கை மட்டும் கொஞ்சம் முன்னால் அனுப்பிக்கொண்டு வந்தார். அவருக்கு ஓர் அடி பின்னால் இணைப் பேராசிரியர், அவருக்குப் பின்னால் விரிவுரையாளர்கள், அமானோ போன்றவர்கள், மாணவர்கள், கடைசியில் அரக்குத் தட்டில் காஸ் துணியோடு ஒரு நர்ஸ். அவ்வளவு பேரும் அறைக்குள் கொள்ளாததால் கடைநிலையில் இருந்தவர்கள் தாழ்வாரத்தில் நின்றபடியே மரியாதையாக மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

தெய்ஜியின் அக்குளில் வைத்திருந்த துணியை ஷிமோஜோ இடுக்கியால் எடுத்து, கண்ணை மூடி முகர்ந்தார்.

"பூஜ்யம்."

துணி பதவி வரிசைப்படி இறங்கிப் போனது. பூஜ்யம் என்றார் இணைப் பேராசிரியர். பூஜ்யம், பூஜ்யம் என்றார்கள் விரிவுரையாளர்கள். அமானோவும் தன் செருப்பைப் பார்த்தபடி பூஜ்யம் என்றான். தாழ்வாரத்துக்குத் துணி போய்ச் சேரவே இல்லை. அங்கிருந்தும் பூஜ்யம் கேட்டது.

தெய்ஜி படுத்தபடியே தலையைத் தூக்கி, தன்னை இப்போதுதான் தேய்த்துக் கழுவினார்கள் என்று முறையிட்டான். பரிவாரம் அதிர்ந்துபோய்ப் பேராசிரியரைப் பார்த்தது. அவர் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார்.

"ஒரிதோன்னு ஒருத்தர் இதே கட்டில்ல படுத்திருந்தார். அவரையும் இப்படித்தான் கழுவினாங்க. ஆனா அவரோடது சோப்புக்கு அடங்கல. நான் வாசல்ல கால் வைக்கும்போதே எழுந்து நின்னு வணக்கம் சொல்லுச்சு. கட்டில்ல இருந்து மட்டும் இல்ல, இதோ, இந்த நாற்காலிப் பக்கமிருந்துகூட வந்துச்சு. அப்படி அறை முழுக்க வியாபிக்கிற ஒண்ண நான் என் வாழ்க்கையில சந்திச்சதில்ல. அதுக்கு 'ஒரிதோ வகை'ன்னு பேர் வச்சு கட்டுரை எழுதிட்டிருக்கேன். உங்ககிட்ட இருக்கிறது நாற்றம் இல்ல. ஆசை."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுமியே, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தடவை குனிந்து பார்த்தாள்.

"எல்லாரும் கண்ணாடிய இறக்கறாங்களே சென்செய்" என்றான் தெய்ஜி.

"பொதுமக்களுக்கு மூக்கு இருக்கலாம். தகுதி இருக்கா? நாற்றம்ங்கறது உடம்புல இருந்து வர்றது இல்ல. இந்தத் துறை ஒத்துக்கிட்ட பிறகுதான் அது நாற்றம். அதுவரைக்கும் அது வெறும் காத்து."

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

வியாதிக்குத் தன்-நாற்ற அச்சம் என்று பெயர் வைத்தார்கள். இல்லாத நாற்றம் இருப்பதாக நினைத்துப் பயப்படும் வியாதி. மருந்தாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்: இவர் மணமற்றவர், பூஜ்யம் நிலை, இப்படிக்கு ஷிமோஜோ, சிவப்பு முத்திரை. பயம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். திரும்பும் வழியில் பயம் வந்தது. காரை ஓரங்கட்டிச் சான்றிதழைப் பார்த்தான். பக்கத்தில் சுமியே கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள்.

நிவாவோ சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் படித்தார். இத்தனை வருஷமாக வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அவர் பட்ட பாடு ஒரே நாளில் தீர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரியே இல்லையென்று சொல்லிவிட்ட பிறகு தன் மூக்கு யார், நடுவில் வருவதற்கு? அன்றைக்கே கறுப்புக் காரின் சாவியைக் கொடுத்து, சான்றிதழைச் சட்டம் போட்டு, ஓட்டுநர் உரிமத்துக்குப் பக்கத்தில் பின்னிருக்கைக்குத் தெரியும்படி மாட்டிவிட்டார்.

பின்வாசல் அலமாரிப் பக்கம் ஒரிதோ காத்திருந்தான்.

"கக்கத்தக் கிழிச்சுக்கிட்டது நான். கார் உனக்கா?"

"நீ அஞ்சாச்சே. நான் வெறும் பூஜ்யம். ஆஸ்பத்திரி சொல்லுதுப்பா."

"நீயா பூஜ்யம்? இத்தன வருஷம் உன்னோட உக்காந்து சோறு தின்னவன்டா நான்."

"அப்ப ஏன் சொல்லல?"

ஒரிதோ தன் அலமாரிக் கதவைச் சாத்தினான். "நம்ம ரெண்டு பேருக்கும்தான்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான். தெய்ஜிக்குக் கொஞ்சம் இனித்தது. ஆனால் அந்த இனிப்பு வீடு வரைக்கும் வரவில்லை. பெரிய மனிதர்கள் கறுப்புக் காரில் ஏறினார்கள், சான்றிதழைப் படித்தார்கள், தலை குனிந்து வணங்கினார்கள், பிறகு நல்ல காற்று என்றபடி கண்ணாடியை இறக்கினார்கள். ஒரிதோவின் வண்டியோ ஒவ்வொரு தடவையும் எதிரே கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனது.

ஒருநாள் புயல் மழை. ஒரிதோ வகை பற்றிய கட்டுரையை வாசிப்பதற்காக ஷிமோஜோ வெந்நீர் ஊற்று விடுதி மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி கறுப்புக் காரைக் கூப்பிட்டது. பேராசிரியருக்காகக் காரைத் தேய்த்துத் துடைப்பதிலேயே நேரம் போய், வியர்த்துக் கொட்டி, குளிக்க நேரமில்லாமல் தெய்ஜி கிளம்பியிருந்தான். மழையால் கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. பாலம் தாண்டியதும் ஷிமோஜோ வாசித்துக்கொண்டிருந்த கட்டுரையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணை மூடினார். அவருடைய முகம், வெளிநாட்டில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தவர் முகம் மாதிரி மலர்ந்தது.

"ஒரிதோ வகை" என்றார். பிறகு கண்ணைத் திறந்து தேடினார். காரில் ஒரிதோ இல்லை. எதிரே தன் முத்திரை இருந்தது. "ஓட்டுநரே, இதுக்கு முன்னால இந்த வண்டியில யார் வந்தாங்க?"

"யாரும் இல்ல சென்செய். உங்களுக்குன்னு காலையில கழுவினது."

"உங்களுக்கு ஏதாச்சும் வருதா?"

தெய்ஜி வேகத்தைக் குறைத்தான். சொன்னால் கார் போய்விடும். கண்ணாடி ஏற்றிய காரில் சுமியே உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டான்.

"வருது சென்செய். அது என்னோடது."

ஷிமோஜோ அவனை இரக்கத்தோடு பார்த்தார். "உங்க வியாதி இன்னும் குணமாகல. நீங்க பூஜ்யம். நானே முத்திரை போட்டிருக்கேன். என் முத்திரை தப்பாகாது." விரலை நீட்டி எண்ணினார். "வண்டியில ரெண்டே பேர். ஒருத்தர் பூஜ்யம்." அதற்கு மேல் அவர் எண்ணவில்லை. நிறம் இறங்கிப்போய், தன் கோட்டின் கழுத்தைத் தூக்கி உள்ளே ஒரு தடவை முகர்ந்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார். புயல் மழை அவருடைய கட்டுரை மேல் விழுந்தது.

"நல்ல காத்து" என்றார் ஷிமோஜோ.

அடுத்த சுற்றில் பேராசிரியரே கட்டிலில் படுத்தார். தகிதா அழுதுகொண்டே தேய்த்தாள். துணியை இணைப் பேராசிரியர் முகர்ந்தபோது அவருடைய உத்தியோகமே மூக்கு நுனியில் நின்றது. சோப்பைத் தவிர ஒன்றுமில்லை. இருக்கிறது என்றால் அவமானம், இல்லை என்றால் சென்செய் தப்பாக முகர்ந்ததாக ஆகும். அவருக்கு நாலுக்கு மேல் அதிகாரமும் இல்லை. கட்டிலிலிருந்தே ஷிமோஜோ "ஐந்து" என்று சொல்லிக் காப்பாற்றினார். ஐந்து, ஐந்து என்று தாழ்வாரம் வரைக்கும் அலை போனது. மறுநாளே அறுத்தார்கள்.

கைகளை இரண்டு பக்கமும் விரித்து, பின்னிருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு வீடு திரும்பிய பேராசிரியரைத் தெய்ஜிதான் ஓட்டிக்கொண்டு போனான். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அந்தப் பஞ்சு மூட்டைகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. வாடையே இல்லாத மனிதனுக்கு இரண்டு கக்கத்திலும் தையல். கேட்டு அலைகிறவனுக்குச் சான்றிதழ். பாதி வழியில் ஷிமோஜோ கண்ணை மூடினார். மூச்சை மூக்கால் இழுத்தார்.

"அறுத்தும் போகல. ஒரிதோ வகை திரும்ப முளைக்குது."

அந்த வாரமே ஒரிதோவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரிதோ வகை திரும்ப முளைக்கும் என்று தெரிய வந்திருப்பதால், மூல ஒரிதோவை மறுபடி முகர்ந்து பார்த்து, தேவையானால் இன்னும் ஆழமாக அறுப்பார்கள். ஒரிதோ வெளிறிய முகத்தோடு தெய்ஜியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். சண்டையை மறந்துவிட்டு, துணைக்கு வருவாயா என்று கேட்டான். இரவு ஓட்டம் முடிந்து அப்போதுதான் வந்திருந்த தெய்ஜி, இப்படியே வருகிறேன் என்று எழுந்தான்.

"நீங்க போகாதீங்க" என்றாள் சுமியே.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க துணைக்குப் போனா அந்த மனுஷன மறுபடியும் அறுத்துடுவாங்க. போன தடவை அறுத்ததும் உங்க வாடையாலதான். கட்டில்ல கெடந்தவர கழுவினாங்க. நாற்காலியில இருந்த உங்கள யார் கழுவினா?"

ஒரிதோ உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஒரிதோ சானுக்கு எப்பவும் ஒண்ணும் கிடையாது. நீங்க விட்டுட்டுப் போன இருக்கையில தினமும் உக்காந்தாரு. அவ்வளவுதான். வண்டி மாறிச்சு, போயிருச்சு."

எழுந்த தெய்ஜி திரும்ப உட்கார்ந்தான். ஒரிதோவின் அக்குள்கள், பேராசிரியரின் அக்குள்கள், ஆக நான்கு அக்குள்களை வெட்டியும் தீராத ஒன்று தன்னிடம் இருந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டிய இடம் அது. ஆனால் அவனுக்கு வந்தது வேறு.

"என்னோடதுக்கு இவன் பேரையா வச்சிருக்காங்க?" என்றான்.

"ஏன் இத்தன வருஷம் சொல்லல?" என்று பிறகு கேட்டான். அவன் தன்னிடம் கேட்டதே இல்லை, ஆஸ்பத்திரியைத்தான் கேட்டான் என்றாள் சுமியே. அப்புறம் அவன் முந்தின நாள் கழற்றிப் போட்ட ஓட்டுநர் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்தாள். துவைக்கப் போடவில்லை. மடித்துத் துணிப்பையில் வைத்தாள்.

தெய்ஜியும் மறுபடி பெயர் கொடுக்க, ஒரிதோவும் அவனும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் சோதனைக்குப் படுத்தார்கள். தகிதா இருவரையும் ஒரே மாதிரி தேய்த்தாள். இருவருக்கும் துணை சுமியேதான். கை இன்னும் விரிந்திருந்ததால் பேராசிரியர் உள்ளே வரக் கதவின் இரண்டு பக்கமும் திறக்க வேண்டியிருந்தது. துணியை ஒரு மாணவன் அவருடைய மூக்கருகே பிடித்தான். ஒரிதோவின் முறையில் சுமியே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பூஜ்யம் என்றார் ஷிமோஜோ. தெய்ஜியின் முறை வந்ததும் பையிலிருந்த கோட்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். துணைக்கு வந்தவரை யாரும் முகர்வதில்லை. அது மரியாதை இல்லை.

"ஐந்து."

பரிவாரம் மூச்சை விட்டது. பூஜ்யம் எப்படி ஐந்தானது என்று யாரும் கேட்கவில்லை. பேராசிரியரே விளக்கினார்.

"துறை தப்புப் பண்ணல. அன்னைக்கு இவர் பூஜ்யம். இடையில என்னோட ஒரே கார்ல வந்திருக்கார். ஒரிதோ வகை தொத்தும்னு நமக்கு இதுவரைக்கும் தெரியாது." விரித்த கைகளோடு அவரால் முடிந்த அளவுக்குக் கட்டிலை நோக்கிக் குனிந்தார். "உங்களுக்குத் தொத்த வச்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கூடவே பதவி வரிசைப்படி எல்லோரும் குனிந்தார்கள். அமானோ மட்டும் குனிந்தபடியே சுமியேயின் மடியிலிருந்த கோட்டைப் பார்த்து, ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

அறுவை முடிந்து வெளியே வந்த நாளில் மழை பெய்தது. பூஜ்யம் சான்றிதழும் கறுப்புக் காரும் ஒரிதோவுக்குப் போயிருந்தன. ஆகவே ஒரிதோதான் கூட்டிப் போக வந்தான். தெய்ஜி கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்ததும் பின்னிருக்கை நிறைந்துவிட்டது. சுமியேவுக்கு இடமில்லை. அவள் முன்னால் ஒரிதோவின் பக்கத்தில் ஏறினாள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன.

இதற்கா இரண்டு கக்கத்தையும் கொடுத்தோம் என்று தெய்ஜிக்கு அழுகை வந்தது. பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவளுடைய பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரிதோ முடியைப் படிய வாரியிருந்தான். கறுப்புக் கார் கிடைத்ததிலிருந்து புதிதாக ஏதோ சென்ட் பூசிக்கொள்கிறான் என்பது பின்னிருக்கை வரைக்கும் தெரிந்தது.

பாலம் தாண்டியது. சுமியே கையை நீட்டி, தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"இன்னைக்கு நல்ல காத்து, இல்ல?" என்றாள்.

ஒரிதோவின் காது சிவந்தது. சாரல் பின்னிருக்கை வரைக்கும் வந்து தெய்ஜியின் முகத்தில் அடித்தது. கையை மடக்கித் துடைக்க முடியாது. துடைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சோறு கேட்டான். சுமியேதான் ஊட்ட வேண்டியிருந்தது. ஜன்னலை மூடிவிட்டு வந்து, முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்து ஊட்டினாள். கிண்ணத்துக்கு மேல் கிண்ணம் கேட்டான்.